ஒளியை முந்திய ஒரு தாள்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வீடு முழுவதும் அதையே தேடுகிற வயசுக்கு நாம் எல்லாருமே வந்துவிட்டோம். இனி ஒருவருக்கொருவர் மறைக்க என்ன இருக்கிறது? சொல்லிவிடுகிறேன். பதினோரு வயசில் நான் ஒளியை முந்தினேன். மயிலாப்பூரில், மாடிப்படிக்கு அடியில், ஒரு கிண்ணம் மைதாப் பசையின் உதவியோடு. அதன் பலனாக மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணம் காலியான வருஷம் அது. உங்களில் பாதிப் பேரைத் தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் மூட்டையோடு மூட்டையாக அனுப்பிவிட்டார்கள். ஆகவே காலியான மயிலாப்பூர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. பங்குனித் திருவிழா முடிந்து தேரடியில் மிதிபட்ட பூ காய்வதற்குள் தெருவே பூட்டிக்கொண்டது. எந்த வாசலைப் பார்த்தாலும் பூட்டு. காலையில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை ஒரு வீட்டிலிருந்தும் வராது. அதற்குப் பதிலாகத் தெருவோரம் வெட்டிப் போட்டிருந்த பதுங்கு குழிகளின் ஈர மண் வாசனை. குண்டு விழுந்தால் கண்ணாடி சிதறாமலிருக்க ஜன்னல்களில் பழுப்புக் காகிதத்தைப் பட்டை பட்டையாக ஒட்டச் சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டுக்கு வீடு பசைக் கிண்ணம். எங்கள் வீட்டுப் பசையில் பாதி ஜன்னலுக்குப் போயிற்று, பாதி இலக்கியத்துக்கு.

அப்பாவின் ஆபீஸ் ஊரைவிட்டுப் போகவில்லை. அப்பாவும் போகவில்லை. அம்மாவைக் கேட்டால், "குண்டு போட்டா போடட்டும். இன்னொருத்தர் ஆத்துச் சமையலுள்ளே போய் நின்னுண்டு உப்பு எங்கே, புளி எங்கேன்னு கேக்க என்னால முடியாது" என்றாள். ஆக, இருந்தோம்.

அந்தக் காலத்துப் பையன்களுக்குத் தவறாமல் இரண்டு வியாதி வரும். ஒன்று தட்டம்மை. இன்னொன்று கையெழுத்துப் பத்திரிகை. தட்டம்மை எனக்கு ஏழு வயசிலேயே வந்து போய்விட்டது. பத்திரிகையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மாதம் ஓர் இதழ். இதழுக்கு ஒரே ஒரு பிரதி. கதை, கட்டுரை, துணுக்கு எல்லாம் நான். படங்கள் சாந்தோம் பக்கத்திலிருந்து வரும் என் கூட்டாளி. அவனைச் சித்திரக்காரன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாதா கோயிலில் மணி அடிக்கிறவரை நாங்கள் ஊரைவிட்டு நகர மாட்டோம் என்று சொல்லிவிட்டாராம்.

பத்திரிகை பதினோரு வீடுகளுக்குப் போகும். கடைசிப் பக்கத்தில் வரிசையாக வீடுகளின் பட்டியல். மயிலாப்பூரில் தொடங்கி, லஸ் வழியாகத் தியாகராய நகர் போய், அடையாறில் முடியும். ஒரு வீட்டில் இரண்டு நாள். படித்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, தாமே அடுத்த வீட்டில் சேர்த்துவிட வேண்டும். பட்டியலுக்கு முன்னால் இரண்டு வெற்றுத் தாள்கள், வாசகர் கருத்துக்காக. நம்முடைய சிங்காரமெல்லாம் அந்த இரண்டு தாள்களில்தான் சந்தி சிரிக்கும்.

என் தொடர்கதையில் கதாநாயகனின் தங்கையை ஒரு நட்சத்திரத்து ராஜா தூக்கிக்கொண்டு போய்விட்டான். வருகிற வெள்ளிக்கிழமை கட்டாயக் கல்யாணம். கதாநாயகன் ஆகாய விமானத்தில் கிளம்பிவிட்டான். இரண்டாவது இதழ் சுற்றி முடித்துத் திரும்பி வந்தபோது கருத்துப் பக்கத்தில் யாரோ பென்சிலால், நூல் பிடித்த மாதிரி எழுதியிருந்தார்கள். கீழே பெயர் இல்லை.

"மிக அருகிலுள்ள நட்சத்திரத்திலிருந்து ஒளி வந்து சேரவே நான்கு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒளியின் வேகத்துக்கு 'சி' என்று பெயர். அதைவிட வேகமாக எதுவும் போகாது. கதாநாயகன் வெள்ளிக்கிழமைக்குள் எப்படிப் போவான்? ஆசிரியர் விளக்கம் தருவாரா?"

ஜப்பான்காரனுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. காது மடல் சுட்டது. சித்திரக்காரனிடம் ஓடினேன்.

"நாலு வருசம் ஆவட்டுமே. இன்னா இப்போ?" என்றான் அவன், பென்சிலைச் சீவிக்கொண்டே.

"வெள்ளிக்கிழமை முகூர்த்தம்டா!"

"எந்த வெள்ளிக்கிழமைன்னு நீ எழுதலியே."

"'வருகிற'ன்னு எழுதித் தொலைச்சிருக்கேன்."

"அப்போ மாட்டிக்கினே" என்று பென்சில் தூளை ஊதினான்.

எங்கள் வீட்டு மாடியில் ஒருவர் குடியிருந்தார். கல்யாணமாகாதவர். காலேஜில் பௌதிகம் ஆராய்ச்சி. வருஷக்கணக்காக ஒரே ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தார். அவரை நான் சார் என்பேன். அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். மறுநாள் காலை அவர் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் மேல் கண்ணாடியைச் சாய்த்துவைத்து சவரம் செய்துகொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"சார், ஒளியை விட வேகமா ஏதாவது போகுமா?"

முகம் பூராவும் நுரை. என்னைத் துரத்திவிட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு கண்ணாடியை எடுத்து லேசாகத் திருப்பினார். எதிர்வீட்டுச் சுவரில் இருந்த வெயில் பொட்டு ஒரே தாவலில் தென்னை மர உச்சிக்குப் போய்விட்டது.

"பாத்தியா? அந்தச் சுவர் கோடானுகோடி மைல் தள்ளி இருக்குன்னு வெச்சுக்கோ. என் கை இதே அளவுதான் திரும்பும். ஆனா அங்கே அந்தப் பொட்டு ஒளியை விட வேகமா ஓடும். போருமா? ஆனா, ஒண்ணு..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பாதிப் படியில் இருந்தேன்.

கதாநாயகன் விமானத்தை விட்டிறங்கி, ஒரு ராட்சசக் கண்ணாடியிலிருந்து கிளம்பும் வெளிச்சப் பொட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதாக எழுதினேன். சித்திரக்காரன் வெகு ஜோராகப் படம் போட்டான். பொட்டில் உட்கார வசதியாக ஒரு ஜமக்காளம்கூட விரித்திருந்தான். எழுதிவிட்டேனே தவிர நெஞ்சு அடங்கவில்லை. அந்தப் பென்சில் ஆசாமிக்கு வார்த்தை போதாது. 'சி' என்றெல்லாம் எழுதுகிற ஆள். கணக்கு வேண்டும். ஆதாரம் வேண்டும்.

மாடிக்காரர் கிணற்றடிக்குக் குளிக்க இறங்கின நேரம் பார்த்து அவர் அறைக்குள் புகுந்தேன். மேஜை மேல் அடுக்கடுக்காகத் தாள்கள். சண்டைக்கு முந்தின, கெட்டியான, ஒரு பக்கம் மட்டும் எழுதின தாள்கள். படித்துத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைக்கிறீர்களா? அழகு பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஒரு தாளில் மேலிருந்து கீழ்வரை கணக்குகள் படிப்படியாக இறங்கி, அடியில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஏதோ ஓர் எழுத்து, பிறகு 'பெரியது' என்று காட்டும் கொக்கி, பிறகு 'சி'. கொக்கி அந்த எழுத்தின் பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சியைவிடப் பெரியது! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. உருவிக்கொண்டு இறங்கி ஓடினேன்.

இடது ஓரத்தில் மட்டும் பசை தடவி, அந்தத் தாளைக் கதைக்கு நடுவில் ஒட்டினோம். சித்திரக்காரன் சுற்றிலும் சிவப்பு மசியால் நட்சத்திரம் போட்டான். மேலே நான் எழுதினேன்: "ஆசிரியர் பதில். ஒளியை முந்தலாம் என்று சென்னை விஞ்ஞானி ஒருவர் நிரூபித்துவிட்டார். இதோ, அவர் கைப்பட."

இன்றைக்கும் ஒளியை மிஞ்சும் விமானம் வருகிற கதைகளைப் படிக்கும்போது, நடுவே ஒரு சூத்திரத்தைக் கண்டால், இதற்கு அடுத்த தாளை எங்கே உருவினார்கள் என்றுதான் தேடத் தோன்றுகிறது.

இதழ் கிளம்பி எட்டு நாளாயிற்று. ஒரு புதன்கிழமை காலை மாடிக்காரர் படியிறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவிடம் நேராகப் பேசாதவர், அன்றைக்குச் சமையலறை வாசலிலேயே நின்றார்.

"ஏழாவது அத்தியாயத்துல நாலாவது தாளைக் காணோம்."

அவருடைய பேராசிரியர் சனிக்கிழமை காலை ரயிலில் காலேஜ் சாமான்களோடு வெளியூர் போகிறார். அதற்குள் ஆய்வேட்டை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சண்டை முடிந்த பிறகுதான். "சண்டை எப்போ முடியும்னு யாருக்குத் தெரியும்? நான் இருப்பேனா, அவர் இருப்பாரா, காலேஜ் இருக்குமா? மூணு மாசக் கணக்கு அது. கிறுக்கிப் பாத்த காகிதமெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போயாச்சு."

வெந்நீர் அடுப்பு என்ற வார்த்தை விழுந்ததும் அம்மாவின் பார்வை கொல்லைப்பக்கம் திரும்பிற்று. அங்கே வேலைக்காரம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குப்பத்திலிருந்து விடியற்காலை வருவாள். பெருக்கி, துணி துவைத்து, வெந்நீர் அடுப்பு மூட்டுவாள். மாடி அறையின் குப்பைக் கூடையிலிருந்து காகிதம் எடுத்துத்தான் அடுப்புப் பற்றவைப்பது வழக்கம்.

"ஏண்டி, காகிதம் எடுக்கறச்சே மேஜை மேலேருந்தும் எடுத்துட்டியா?"

"கூடைல கீறதத்தாம்மா எடுப்பேன். மேச மேல கைய வெச்சதே இல்ல."

"காத்துல விழுந்திருக்கும். படிக்கத் தெரியாதவளுக்கு எது குப்பை, எது கணக்குன்னு என்ன தெரியும்?"

"படிக்கத் தெரியாதும்மா. கூட எதுன்னு தெரியும்."

மாடிக்காரர் ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்ததே தீர்ப்பு மாதிரி ஆயிற்று. அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சனிக்கிழமைக்குள்ள அந்தத் தாள் வரலேன்னா நீ வேற இடம் பாத்துக்கோ."

"எந்த இடம்மா?" அவள் கையில் சாம்பலும் தேங்காய் நாருமாக நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சு ஊட்ல நாலு ஊட்டப் பூட்டிக்கினு பூட்டாங்க. இந்த ஒரு ஊடுதான் கீது."

நான் ரேழியில் தூணோடு தூணாக நின்றேன். அப்போதே 'நான்தான்' என்று சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. வாயையும் திறந்தேன். ஒரு விக்கல்தான் வந்தது. பயத்தில் எனக்கு விக்கல் வரும். அது ஒரு தடவை வந்தால் மத்தியானம்வரை நிற்காது. "தண்ணி குடிடா" என்றாள் அம்மா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

புதன் போயிற்று. வியாழன் போயிற்று. அந்த இரண்டு நாளும் நான் போட்ட திட்டங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். பத்திரிகை தானாகவே சீக்கிரம் சுற்றி வந்துவிடும் என்பது முதல் திட்டம். இன்னும் ஏழு வீடு பாக்கி என்று கணக்குப் போட்டதும் அது போயிற்று. சனிக்கிழமைக்குள் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டால் எல்லாமே மறந்துபோகும் என்பது இரண்டாவது திட்டம். ஒரு வீட்டு வேலையும் ஒரு திருட்டும் மறைய வேண்டும் என்பதற்காகப் பட்டணத்தையே பலிகொடுக்கத் துணிந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்காரம்மாவை உள்ளே வர வேண்டாம், கொல்லை வேலை மட்டும் பார்த்தால் போதும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அவள் பாத்திரங்களைத் தேய்க்கிற சத்தம் அன்றைக்கு வீடு முழுவதும் கேட்டது. ஒவ்வொரு பாத்திரத்தையும் என் முதுகில் வைத்துத் தேய்ப்பது போலிருந்தது. எழுந்து சித்திரக்காரன் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"இத்தினி நாளா இன்னாடா பண்ணிக்கினு இருந்தே?"

"விக்கிண்டு இருந்தேன்."

வாடகைச் சைக்கிள் ஒன்று எடுத்தோம். அவன் மிதிக்க, நான் பின்னால். பட்டியலின்படி பத்திரிகை லஸ்ஸில் ஒரு வீட்டில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் வாசலில் ஆட்டுக்குட்டி அளவு பூட்டு. எதிரே மாட்டைக் கட்டி வைத்திருந்த பால்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நேத்தே கெளம்பிட்டாங்க நைனா. எங்கிட்டயே கன்னுக்குட்டி வாங்கிக்கினு போலாமான்னு கேட்டாங்கன்னா பாத்துக்க."

"ஒரு நோட்டு மாதிரி... படமெல்லாம் போட்டு..." என்று இழுத்தேன்.

"பழைய பேப்பர் நோட்டு எல்லாத்தையும் எடைக்குப் போட்டாங்க."

சித்திரக்காரன் என் தோளைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நான் அந்த மாட்டின் மேலேயே சாய்ந்திருப்பேன். ஏழாம் அத்தியாயத்தின் நாலாவது தாளில் யாரோ பட்டாணிக்கடலை கட்டிக்கொண்டிருக்கிறான் என்று என் கண்ணுக்கே தெரிந்தது.

"இரு, இரு. அழுவாத" என்றார் பால்காரர். "ஒரே ஒரு நோட்ட மட்டும் அந்தம்மா போடல. தியாகராய நகர் வக்கீல் ஊட்டு வண்டி இந்தப் பக்கமா போச்சு, அதுல குட்த்து அனுப்பிச்சு. பசங்க நோட்டு, சேத்துடுன்னு சொல்லிச்சு."

உலகம் அழியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஓடும்போதும் பட்டியலை மதித்த அந்த மாமியை நான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

மவுண்ட் ரோட்டைத் தாண்டுவதற்கே யுகமாயிற்று. பட்டாள லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவே எழும்பூரை நோக்கி ஜட்கா வண்டிகள். படுக்கைச் சுருள், அண்டா, தொட்டில், மேலே கூண்டோடு ஒரு கிளி. எங்கள் சைக்கிளின் சங்கிலி மூன்று தடவை கழன்றது. ஒவ்வொரு தடவையும் சித்திரக்காரன் குனிந்து மாட்ட, நான் விக்கினேன்.

வக்கீல் வீட்டு வாசலில் இரண்டு ஜட்காக்கள், சாமான் ஏற்றி முடித்துத் தயாராக நின்றன. வக்கீல் பைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தார்.

"யாருடா நீங்க?"

"மயிலாப்பூர்லேருந்து வரோம் மாமா. எங்க பத்திரிகை ஒண்ணு இங்கே..."

"பத்திரிகையா? இன்னும் ஒரு மணியிலே ரயில். உங்க பத்திரிகைக்காக மூட்டையை அவுக்கச் சொல்றியா? போடா!"

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த வீட்டு மாட்டுப்பெண். இருபது வயசுகூட இருக்காது. மாமியாரைப் பார்த்துப் பேசினாள்.

"அம்மா, இந்தப் பிள்ளை ஆத்துத் தாம்பாளம் ஒண்ணு நம்மகிட்ட தங்கிப்போயிருக்கு. நவராத்திரிக்கு வந்தது. கொடுத்துடட்டுமா? அப்புறம் நம்மளைத்தானே சொல்லுவா."

எங்கள் வீட்டுத் தாம்பாளம் எதுவும் எங்கும் போகவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சித்திரக்காரன் என் தொடையைக் கிள்ளிய தழும்பு இன்னும் இருக்கிறது.

"சட்டுனு கொடுத்து அனுப்பு" என்றாள் மாமியார்.

மாட்டுப்பெண் இரண்டாவது வண்டிக்குப் பின்னால் வந்து ஒரு மூட்டையை அவிழ்த்தாள். அடியில், பழைய புடவைத் துணியில் சுற்றி, பெரிய பித்தளைத் தாம்பாளம். சுற்றின துணிக்குள் தாம்பாளத்தோடு எங்கள் பத்திரிகை. பத்திரிகையை மட்டும் உருவி என் கையில் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்.

"நீதான் கதை எழுதறவனா?"

"ஆமா மன்னி."

"அந்தக் கணக்குத் தாள் யாரோடது?"

"எங்காத்து மாடியிலே இருக்கிற சாரோடது. திருடிட்டேன்." முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொன்னேன், விக்கல் நின்றுவிட்டது.

அவள் திட்டவில்லை. "அதுக்கு அடுத்த தாள் ஒண்ணு இருக்குமே. பாத்தியா?"

"இல்லே."

"எப்படி முடிச்சிருக்கார்னு பாத்து எனக்கு ஒரு கார்டு..." என்று ஆரம்பித்தாள்.

"அங்கே என்னடி பேச்சு?" என்று மாமியார் குரல் கொடுத்தாள். மன்னி மூட்டையைக் கட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். எந்த ஊர், எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. வண்டி திரும்பியபோதுதான் அது தோன்றிற்று. எனக்கு எல்லாமே வண்டி திரும்பிய பிறகுதான் தோன்றும்.

பாண்டி பஜார் முனையில் சைக்கிளை நிறுத்திப் பிரித்துப் பார்த்தோம். தாள் இருந்தது, நட்சத்திரங்களோடு. கட்டத்துக்குப் பக்கத்தில் அதே பென்சில், அதே நூல் பிடித்த எழுத்து: "இது சரி. அடுத்த தாள் எங்கே?" தாளைப் புரட்டினால் பின்பக்கம் பூராவும் பென்சிலில் கணக்கு. அடியில் இரண்டு வரி: "அலையின் முகடு ஒளியை முந்தலாம். அலையின் முதல் நுனி முந்தாது. செய்தி போவது முதல் நுனியோடுதான்." மாடிக்காரர் மொட்டை மாடியில் சொல்லவந்த அந்த 'ஆனா' இதுதான் என்று எனக்குப் புரிய இன்னும் ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

கருத்துப் பக்கத்திலும் எழுதியிருந்தாள். "வெளிச்சப் பொட்டின் மேல் யாரும் உட்கார முடியாது. ஆசிரியர் தந்த ஆதாரம் செல்லாது. ஆனால் அந்தப் பெண்ணை வெள்ளிக்கிழமைக்குள் மீட்டாக வேண்டும். ஆதாரம் இல்லாமலே போகட்டும். நான் ஆட்சேபிக்க மாட்டேன்."

"இவரு நல்லவருடா" என்றான் சித்திரக்காரன்.

"இவர் இல்லேடா. அந்த மன்னி."

அவன் நம்பவில்லை. அந்தப் பென்சில் வரிகளுக்கு மேல் போட்டிருந்த தேதியைக் காட்டினேன். நேற்று. நேற்று அந்த வீட்டில் வக்கீலும் மாமியாரும் அவளும்தான். பிள்ளை முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டதாக ஜட்காக்காரர் சொல்லியிருந்தார். வக்கீல் நட்சத்திரக் கதைக்கு ஆட்சேபணை எழுதுகிற ஆளாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மாடிக்காரர் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்த தாளை நீட்டினேன். பிடுங்கினார். சிவப்பு நட்சத்திரங்களைப் பார்த்து ஓர் அடி எனக்கு விழ வேண்டும்; நான் கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன். அதற்குள் தாளைத் திருப்பிவிட்டார். கை அப்படியே நின்றது. ஒரு தடவை படித்தார். மேலிருந்து மறுபடியும் படித்தார். விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

"நான் மூணு தாள்ல போட்டதை இவர் அரைத் தாள்ல போட்டிருக்கார். யாருடா இது?"

"தியாகராய நகர் வக்கீல் ஆத்து மாட்டுப்பொண் சார்."

"விளையாடாதே. அவா பிள்ளை காலேஜ்ல வாசிக்கறான், அவனாத்தான் இருக்கும்." அவர் அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. நான் திருடன் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினார். பின்னால் ஒருநாள் அந்தத் தாளை அவர் மேஜையில் பார்த்தேன். பேனாக் கணக்கு இருந்தது. பென்சில் கணக்கை ரப்பர் வைத்து அழித்திருந்தார். ஆய்வேட்டில் அந்த அரைத் தாள் முறைதான் போயிற்று. யார் பெயரும் போகவில்லை.

"கிடைச்சுடுத்தாம்மா!" என்று மேலேயிருந்து அவர் கத்தினது சமையலறைக்குக் கேட்டது.

"நல்ல வேளை" என்றாள் அம்மா உள்ளிருந்து. அடுப்பில் எதையோ கிளறுகிற சத்தம் தொடர்ந்தது. அவ்வளவுதான். வீடு பழையபடி ஆகிவிட்டது.

நான் கொல்லைப்பக்கம் போனேன். வேலைக்காரம்மா தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காயிதம் கெட்ச்சிடுச்சா?"

"ம்."

"அப்போ நான் எடுக்கலன்னு யார்னா ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லலாமில்ல?"

"நான்தான் எடுத்தேன்" என்றேன்.

"தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவரு குளிச்சிக்கினு இருந்தாரு. நீ காயிதத்தச் சட்டைக்குள்ள வெச்சிக்கினு எறங்கி ஓட்ன. நான் இங்கதான் துணி தொவச்சிக்கினு இருந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா யாரு நம்புவா? ஊட்டுப் புள்ள மேல பழி போட்றான்னு அன்னிக்கே அனுப்பி இருப்பாங்க." சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன். மூணு நாளா விக்கிக்கினு சுத்தறயே தவிர..." சிரித்தாளா, இல்லையா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? உள்ள போயி உங்கம்மாகிட்ட சொல்லு. போ."

கிணற்றடியிலிருந்து சமையலறை பதினைந்து அடி இருக்கும். போனேன். சொன்னேன். விக்காமல் சொன்னேன், அதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அடிக்கவில்லை. என்னைத் தாண்டிக் கொல்லைக் கதவைப் பார்த்தாள்.

மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தால் உங்களுக்கு அந்தக் காலம் மறந்துவிட்டது என்று அர்த்தம். வேலைக்காரியிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. காப்பி கொடுக்கிற வழக்கம் உண்டு. எல்லாரும் குடித்த பிறகு, வடிகட்டியில் மிஞ்சியதில் வெந்நீர் விட்ட மூன்றாம் டிகாக்ஷனில் கலந்து, கொல்லை மாடத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரில், அம்மா உயரத் தூக்கி ஊற்றுவாள்.

அன்றைக்கு அம்மா புதுப்பொடி போட்டாள். முதல் டிகாக்ஷன் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். ஆபீஸிலிருந்து அப்பா வருகிற நேரம். அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் வாசலில் கேட்டது. அதற்கு அவள் திரும்பவில்லை. முதல் டம்ளரைக் கலந்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மாடத்து டம்ளரைத் தேடவில்லை. வீட்டு டம்ளரையே நீட்டினாள். "இந்தா" என்றாள்.

வேலைக்காரம்மா டம்ளரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கி, அவசரமே இல்லாமல் ஒரு வாய் குடித்தாள்.

"சக்கர கொஞ்சம் கம்மியா கீதும்மா" என்றாள்.

சர்க்கரைக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த சமயம். அப்பாவுக்கே அரை ஸ்பூன்தான். அம்மா உள்ளே போய், அலமாரிப் பூட்டைத் திறந்து, டப்பாவோடு எடுத்துக்கொண்டு வந்தாள்.